தரகர் 2 சதவீதம் கேட்கிறார், அதற்கு மேல் ஒன்றரை லட்சம் ரொக்கமாம்: எதை, யாருக்கு, எப்போது கொடுப்பது?

நெமிலிச்சேரிக்காரி:

வணக்கம். குரோம்பேட்டையில் ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு பார்த்து விலை பேசி முடித்திருக்கிறோம். இரண்டாவது மாடி, 870 சதுர அடி, மனையில் இந்த வீட்டுக்கான பங்கு, அதாவது பிரிபடாத பாகம், 415 சதுர அடி, கட்டி 16 வருடம் ஆகிறது, லிஃப்ட் கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மனையின் முருங்கைக் கிளை கைக்கு எட்டுகிறது. என் மாமியார் அந்த முருங்கையைப் பார்த்துத்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

64 லட்சம் என்று ஆரம்பித்து 61 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வந்தது. பேசியதெல்லாம் தரகர்தான். ஓனர் ஒரு வயதான அம்மாள், திருச்சியில் மகளுடன் இருக்கிறாராம். "அவர்களுக்கு இதெல்லாம் புரியாது, என்னிடம் விட்டுவிட்டார்கள்" என்றார். டோக்கன் அட்வான்ஸ் 25,000 ரூபாயைத் தரகரின் செல்போனுக்கே அனுப்பினோம்.

வீடு காட்டிய மூன்று தடவையும் கமிஷனைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்ததும், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே, "நம்முடையது இரண்டு சதவீதம், ஜிஎஸ்டி தனி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கணவர் சரி என்று தலையாட்டியிருக்கிறார். வண்டிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இப்போது என்னிடம் சொல்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 சதவீதம் 1,23,000. அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 22,140. பத்திரத்தில் 60 லட்சம் காட்டி, மீதி ஒன்றரை லட்சத்தை ரொக்கமாகத் தன்னிடம் கொடுத்தால் ஓனரிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். வங்கியில் 60 லட்சத்துக்கு 80 சதவீதம், அதாவது 48 லட்சம் கடன் தருகிறார்கள். கையிலிருந்து 12 லட்சம் போட வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 5 லட்சத்து 40 ஆயிரம். ரொக்கம், கமிஷன் எல்லாம் கூட்டினால் 20 லட்சத்து 35 ஆயிரம் கையில் வேண்டும். எங்களிடம் இருப்பது நகையையும் சேர்த்து 19.

இது போதாதென்று இன்னொரு தரகர் நேற்று அழைத்து, "மூன்று மாதத்துக்கு முன்பே இந்த வீட்டின் படத்தை நான்தான் உங்களுக்கு அனுப்பினேன், கமிஷன் எனக்குத்தான் வர வேண்டும்" என்கிறார். தேடிப் பார்த்தேன், வாட்ஸ்அப்பில் படம் இருக்கிறது. அதே முருங்கை.

1 சதவீதம் டிடிஎஸ் வரி என்றும் ஒன்று உண்டாம். அதுவும் எங்கள் தலையிலா? உண்மையில் தரகருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? எப்போது கொடுக்க வேண்டும்? இரண்டு பேருக்குமா?

கணக்கன்:

சென்னையில் வாங்குபவர் 1, விற்பவர் 1. அதற்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். டிடிஎஸ் என்பது தரகு அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முன்னாள் தரகன்:

அம்மா, மேற்குத் தாம்பரத்தில் 23 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். 2021 இல் விட்டுவிட்டு, ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தரகர்கள் இன்றைக்கும் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்துதான் பங்கு பிரிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

நீங்கள் 2 சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நான் படித்தவுடன் பார்த்தது அந்த ஒன்றரை லட்சத்தைத்தான்.

ஓனரிடம் ஒரு தடவையாவது பேசினீர்களா? 61.5 என்ற விலை அந்த அம்மாளின் வாயிலிருந்து வந்ததா, தரகர் வாயிலிருந்து வந்ததா?

எங்கள் தொழிலில் "கைக்கு" என்று ஒரு சொல் உண்டு. ஓனர், "எனக்குக் கமிஷன் தலைவலியெல்லாம் வேண்டாம், கைக்கு இவ்வளவு வந்தால் போதும்" என்பார். அதற்கு மேல் எவ்வளவு வைத்து விற்றாலும் அது தரகருக்கு. ஓனர் விவரம் தெரிந்து ஒப்புக்கொண்டால் அதில் தப்பில்லை என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள், நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் அப்படி மேலே வைத்து எடுப்பவன் வாங்குபவரிடம் போய், "உங்களுக்காகப் பேசி இரண்டரை லட்சம் குறைத்தேன்" என்று சொல்லி அங்கேயும் சதவீதம் வாங்கினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. உங்கள் கதையில் அந்த அம்மாள் கேட்டது கைக்கு 60 ஆக இருக்கலாம். பத்திரமும் 60 என்கிறார், பாருங்கள். மேலே உள்ள ஒன்றரையையும் 1,23,000 ஐயும் கூட்டினால் 2,73,000. நாலு சதவீதத்துக்கும் மேல். இது என் ஊகம்தான். அந்த அம்மாளிடம் கேட்காமல் தரகர் மேல் பழி போட மாட்டேன்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2008 இல் சேலையூர்ப் பக்கம் ஒரு மனை. ஓனர் கைக்கு 18 லட்சம் என்றார், நான் 21 க்கு முடித்தேன். மூன்று லட்சமும் எனக்கு, வாங்கியவரிடம் ஒரு சதவீதம் தனி. இரண்டு பக்கமும் வாயைக் கட்டிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வாங்கியவர் வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசத்துக்குப் பழைய ஓனரையும் அழைத்துவிட்டார். பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. மனை என்ன விலைக்குப் போனது என்று பேச்சு வந்திருக்கிறது. பாயசம் வருவதற்குள் என் கதை முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்தத் தெருவில் எனக்கு ஒரு வாடகை வீடு கூடக் கிடைக்கவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: அடுக்ககச் சங்கத்தின் செயலாளரிடம் போங்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். எப்படியும் அது உங்களுக்குத் தேவை, பொய் இல்லை. அவரிடம் ஓனரின் எண் இருக்கும். அந்த அம்மாளை அழைத்து, "டோக்கன் 25,000 வந்து சேர்ந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். விலையை அவரே சொல்வார்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கான பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. "அது ஓனர் பாடு" என்று நினைக்காதீர்கள். நாளைக்கு இந்த வீட்டை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 60 என்றுதான் கணக்கில் நிற்கும், அந்த ஒன்றரைக்கும் சேர்த்து நீங்கள் வரி கட்டுவீர்கள்.

டிடிஎஸ் உங்கள் தலையில் இல்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் ஓனருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து 1 சதவீதத்தைப் பிடித்து, அவர் பான் எண்ணில் நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டும். 60 லட்சம் என்றால் 60,000 கட்டிவிட்டு, ஓனருக்கு 59,40,000 கொடுக்கிறீர்கள். உங்கள் செலவு ஏறாது, கட்டுகிற வேலை மட்டும் உங்களுடையது. எத்தனையோ பேர் இதைத் தரகரின் ஒரு சதவீதத்தோடு குழப்பிக்கொண்டு என் கடையிலேயே சண்டை போட்டிருக்கிறார்கள். தொகை ஒன்றாக இருப்பதால் வரும் வினை.

கமிஷன் எவ்வளவு என்பதற்குச் சட்டம் கிடையாது. 2016 ரியல் எஸ்டேட் சட்டம், பதிவு செய்த புதுத் திட்டங்களில் விற்றுத்தரும் தரகர் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் விகிதத்தை அதுவும் சொல்லவில்லை, 16 வருடப் பழைய வீட்டின் மறுவிற்பனை அதற்குள் வரவும் வராது. எனவே எல்லாம் வழக்கம்தான். புறநகரில் இரு பக்கமும் ஒன்று ஒன்று என்பதே நான் பார்த்தது. மனைக்கும் சின்னத் தொகைக்கும் இரண்டு கேட்பார்கள். இரண்டு என்று ஆரம்பித்தால் ஒன்றில் வந்து நிற்கும் என்று கேட்பவருக்கும் தெரியும்.

ஜிஎஸ்டிக்கு வருவோம். வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் வருமானம் வரும் தரகர்தான் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். ஸ்கூட்டரில் வருகிற தரகர் 20 லட்சம் சம்பாதிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், பார்த்திருக்கிறேன். ஆனால் எண் இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்க முடியாது. "பில்லில் எண் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடம் இருக்கும், தமிழ்நாடு என்றால் 33 என்று ஆரம்பிக்கும். அரசு இணையதளத்தில் தட்டினால் பெயர் வரும். கேட்டவுடனே பாதிப் பேருக்கு அந்த 18 சதவீதம் மறந்துபோகும்.

எப்போது கொடுப்பது? பதிவு முடிந்த பிறகு. 2009 இல், அட்வான்ஸ் போட்ட பிறகு உடைந்துபோன ஒரு வியாபாரத்துக்குக் கமிஷன் கேட்டு வாங்குபவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். வந்த பதிலில் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 219 ஆவது பிரிவை எடுத்துப் போட்டிருந்தார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுத்த வேலை முடிந்த பிறகுதான் முகவருக்குக் கூலி. என் வக்கீலே, "இதற்கு மேல் செலவு செய்யாதே" என்றார். நோட்டீஸுக்கு மட்டும் 3,000 வாங்கிக்கொண்டார். அவருக்கு அந்த 219 பொருந்தவில்லை. அடுத்த பிரிவு 220 இன்னும் காரமானது: முகவர் வேலையில் முறைகேடு செய்தால், அந்த வேலைக்கான கூலியே அவருக்குக் கிடையாது.

படம் அனுப்பியவருக்கு நீங்கள் தனியாக எதுவும் தர வேண்டாம். படம் அனுப்புவது ஒரு விரல் வேலை. உங்களைக் கூட்டிப்போய் வாசலில் செருப்பைக் கழற்ற வைத்தவர்தான் காட்டியவர். அவர்கள் இருவரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள், தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும். ஒரு கமிஷன் நாலு பாகமாவதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்: ஓனரைத் தெரிந்தவர், சாவி வைத்திருப்பவர், பார்ட்டியை அழைத்து வந்தவர், அன்றைக்கு வெறுமனே உடன் நின்றவர். கடைசி ஆளுக்கும் பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை.

பிளேனோ பக்கத்து வீடு:

அமெரிக்காவில், டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறேன். படித்துக்கொண்டு வரும்போது சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்களுக்கும் ஏறக்குறைய இதே சண்டைதான், கோட்டு சூட்டோடு நடந்தது.

இங்கே காலம் காலமாக விற்பவர் 5 முதல் 6 சதவீதம் கொடுப்பார். அதை அவருடைய ஏஜெண்டும் வாங்குபவரின் ஏஜெண்டும் பிரித்துக்கொள்வார்கள். "வாங்குபவருக்கு இலவசம்" என்றே எல்லோரும் சொல்வார்கள். வீட்டு விலைக்குள்தான் அது ஒளிந்திருந்தது. 2023 அக்டோபரில் மிசூரி மாநிலத்தில் ஒரு ஜூரி, இந்த முறை விற்பவர்களுக்கு அநியாயம் என்று சுமார் 180 கோடி டாலர் இழப்பீடு சொன்னது. அதன் பிறகு இங்குள்ள ஏஜெண்டுகளின் சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2024 ஆகஸ்ட் 17 முதல், ஏஜெண்டோடு ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே அவருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விற்பவர் தரும் பங்கை ஏஜெண்டுகளின் பொதுப் பட்டியலில் விளம்பரப்படுத்தவும் கூடாது.

நாங்கள் 2025 இல் வாங்கினோம். ஏஜெண்ட் தமிழர்தான், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியில் பழக்கம். முதல் வீட்டு வாசலில், காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து 2.5 சதவீதம் என்று கையெழுத்து வாங்கினார். மனைவி முழுதாகப் படிக்க வேண்டும் என்றாள். வெயிலில் இருபது நிமிடம் நின்றோம். வீடு 4,80,000 டாலருக்கு முடிந்தது. விற்பவர் 2 சதவீதம் தருகிறேன், அதற்கு மேல் முடியாது என்றார். மீதி அரை சதவீதம், 2,400 டாலர், எங்கள் கையிலிருந்து போயிற்று. கசப்புதான். ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது கடைசிநாள் கணக்குத் தாளில் வரிவரியாக இருந்தது.

ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்கு என்பதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட நண்பர் ஒருவர், வேறு ஏஜெண்டிடம் போக முடியாமல் ஆறு மாதம் மாட்டிக்கொண்டார். அதை மட்டும் இங்கே உள்ளவர்கள் கவனியுங்கள்.

இன்னும் தரகன்:

முன்னாள் தரகர் ஐயாவுக்கு வணக்கம். தொழிலை விட்ட பிறகு நியாயம் பேசுவது சுலபம்.

நான் வேளச்சேரிப் பக்கம். போன மாதம் ஒரு குடும்பத்துக்கு 31 வீடு காட்டினேன். பெட்ரோல் என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. அவர்கள் குழந்தைக்கு வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். 31 ஆவது வீடு பிடித்தது. இரண்டு நாள் பேச்சு மூச்சில்லை. விசாரித்தால், காவலாளியிடம் ஓனர் எண் வாங்கி நேரே பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். எனக்கு எந்தப் பிரிவு? 219 ஆ, 220 ஆ?

இப்போது இந்த அம்மாவுக்கும் ஓனர் எண்ணை எப்படி எடுப்பது என்று ஐயாவே வழி சொல்லிக் கொடுக்கிறார். எங்களில் சிலர் மேலே வைத்து எடுப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? நேராகக் கேட்டால் கொடுப்பதில்லை.

முன்னாள் தரகன்:

தம்பி சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதியை நான் மறுக்க மாட்டேன். எனக்கும் அப்படி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது.

ஆனால் 31 வீடு காட்டினாயே, முதல் வீட்டுக்கு முன்னால் உன் கூலியைச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். நானும் சொன்னதில்லை. சொன்னால் பார்ட்டி அடுத்த தரகரிடம் ஓடிவிடும் என்ற பயம். வீடு பிடிக்கட்டும், மனசு இறங்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்போம். அந்தக் காத்திருப்புக்குத்தான் இரண்டு பக்கமும் விலை கொடுக்கிறது. பிளேனோக்காரர்கள் வெயிலில் இருபது நிமிடம் நின்றார்களாம். நமக்கு அந்த இருபது நிமிடம் சங்கடம்.

வாட்ஸ்அப்பில் மூன்று வரி போதும்: இந்த வீட்டைக் காட்டுகிறேன், முடிந்தால் விலையில் ஒரு சதவீதம், பதிவு நாளில். அவர்கள் "சரி" என்று போட்டால் அதுவே உன் ஒப்பந்தம். பிறகு காவலாளியிடம் எண் வாங்கினால் உன் கையில் பேச ஒரு காகிதமாவது இருக்கும்.

அம்மா, தம்பிக்காக ஒன்று சொல்கிறேன். ஓனரிடம் பேசுங்கள். ஆனால் பேசிவிட்டுத் தரகரை வெட்டிவிடாதீர்கள். அவர் மேலே வைத்ததைக் கொடுக்காதீர்கள், வீடு காட்டியதற்குக் கொடுங்கள். மூன்று தடவை கூட்டிப்போயிருக்கிறார், முருங்கையை அவர்தான் காட்டினார்.

கணக்கன்:

புது அடுக்ககம் வாங்குபவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அங்கே கட்டுநர்தான் தரகருக்குக் கொடுக்கிறார். வாங்குபவரிடமும் கேட்டால் அது இரட்டை வசூல்.

முன்னாள் தரகன்:

கட்டுநர் தன் சொந்தப் பணத்திலிருந்தா கொடுக்கிறார்? சதுர அடி விலைக்குள் அது இருக்கிறது. தரகர் இல்லாமல் நேரே போய், "அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் குறைப்பார்கள். பலர் மாடுலர் கிச்சன் படத்தைக் காட்டுவார்கள்.

நெமிலிச்சேரிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சங்கச் செயலாளர் உடனே எண் கொடுத்துவிட்டார். அந்த அம்மாளே எடுத்துப் பேசினார். டோக்கன் வந்ததா என்று கேட்டேன். "10,000 வந்தது" என்றார். நாங்கள் அனுப்பியது 25,000. கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. பிறகு அவரே, "கைக்கு 60 வந்தால் போதும் என்றுதான் சொன்னேன், கமிஷனை உங்களிடம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்" என்றார். ஒன்றரை லட்சம் ரொக்கம் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஐயா சொன்ன அந்தச் சொல்லையே, அதே "கைக்கு" என்பதையே அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

என் கணவர் தரகரோடு சண்டைக்குப் போகிறேன் என்று குதித்தார். நான்தான் தடுத்து, வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்துப் பேசினேன். திருச்சி அம்மாளிடம் பேசியதைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை. "மேலே செலவு இருக்கும் என்று கணக்கு வைத்தேன்" என்றார். என்ன செலவு என்று நான் கேட்கவில்லை. 60 லட்சத்துக்கு ஒரு சதவீதம், 60,000, பதிவு முடிந்த அன்று வங்கி மூலம், ரசீதோடு, என்றேன். ஜிஎஸ்டி எண் கேட்டேன். "அதை விடுங்கள்" என்றார். பாக்கி 15,000 மறுநாளே அந்த அம்மாளின் கணக்குக்குப் போய்விட்டது. திருச்சியிலிருந்து அழைத்துச் சொன்னார்.

பதிவு போன வியாழக்கிழமை நடந்தது. அந்த அம்மாள் மகளோடு வந்திருந்தார், விரல் ரேகை மூன்று தடவை சரியாக விழவில்லை, பெட்ரோலியம் ஜெல்லி தடவித் துடைத்துப் பிறகு விழுந்தது. அட்வான்ஸும் டிடிஎஸ் பிடித்த 60,000 ஐயும் கழித்து மீதியைக் காசோலையாகக் கொடுத்தோம். எங்கள் கையிலிருந்து மொத்தமாகப் போனது 18 லட்சம், வக்கீல் கட்டணம் தனி. நகையில் ஒரு சங்கிலி மட்டும் அடகில் இருக்கிறது.

வெளியே வந்ததும் தரகருக்குப் பணம் அனுப்பினேன். ரசீது கேட்டதும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு தாள் வாங்கி, "வீடு வாங்கித் தந்ததற்குத் தரகுக் கூலி 60,000 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படம் அனுப்பியவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தே டீக்கடைக்குப் போனார்கள்.

ஐயா, அந்த ஜெராக்ஸ் கடை உங்களுடையதா? கல்லாவில் கண்ணாடி போட்ட ஒருவர், தாளுக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு, ரசீதை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

முன்னாள் தரகன்:

தாளுக்கு நான் காசு வாங்குவதில்லை அம்மா. அது பக்கத்துக் கடை.